ரேழி முதல் கொல்லை வரை

வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் வைஃபை கிடைக்கும்படி பல கருவிகளைக் கோத்து அமைப்பது மெஷ் வலை. இணையம் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் முதன்மை ரூட்டர் இருக்கும். மற்ற இடங்களில் வைக்கப்படும் யூனிட்டுகள் அதிலிருந்து வாங்கி, தம்மைச் சுற்றியுள்ள போன்களுக்கும் கணினிகளுக்கும் கொடுக்கும். முதன்மை ரூட்டருக்கும் யூனிட்டுக்கும் இடையில் ஓடும் இணைப்புக்கு பேக்ஹால் என்று பெயர். அது காற்றில் அலையாகவும் போகலாம், சுவரோரம் கேபிளாகவும் போகலாம். ஒரு மெஷ் நன்றாக அமைவதும் அமையாமல் போவதும் பெரும்பாலும் இந்த பேக்ஹாலைப் பொறுத்தது.

வைஃபைக்கான 802.11 தரம் 1997இல் வெளிவந்தது. மெஷ்ஷுக்கென்றே எழுதப்பட்ட 802.11எஸ் என்ற பகுதி 2011இல் முடிவானது. வீட்டுக்காரர் கடையில் வாங்கித் தாமே பிரித்து வைத்துக்கொள்ளும் மெஷ் பெட்டிகள் 2016 வாக்கில்தான் சந்தைக்கு வரத் தொடங்கின. அதற்கு முன் சிக்னல் எட்டாத வீடுகளில் ரிப்பீட்டர் மாட்டுவார்கள். ரிப்பீட்டர் பெரும்பாலும் தனிப் பெயரோடு இன்னொரு வலையை உண்டாக்கும். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போனால் போனில் பழையதை விட்டுப் புதியதைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மெஷ்ஷில் அந்த வேலை இல்லை. வேறு வேறு கம்பெனிகளின் யூனிட்டுகள் ஒரே வலையில் சேர்ந்து இயங்குவதற்காக வைஃபை அலையன்ஸ் 2018இல் ஈசிமெஷ் என்ற பொதுத் தரத்தையும் கொண்டுவந்தது.

இங்கே விவரிக்கப்படும் வலை முசிறியில் ஒரு பழைய வீட்டில் அமைந்தது. திருச்சியிலிருந்து நாமக்கல் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால், காவிரியின் வடகரையில் முசிறி. பாலத்தைத் தாண்டினால் எதிர்க்கரையில் குளித்தலை. ஊரைச் சுற்றி நெல்லும் வாழையும் கோரையும் விளைகின்றன. கோரைப்பாய் பின்னுவது இப்பக்கத்துத் தொழில். அந்த வீடு இந்த வட்டாரத்துப் பழைய தெரு வீடுகளைப் போலத்தான் இருந்தது. தெருவில் நின்று பார்த்தால் அகலம் குறைவு. உள்ளே போகப் போக நீளம் முடியாது. திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், அதைச் சுற்றிக் கூடம், இரண்டு பக்க அறைகள், சமையலறை, பின்கட்டு, பிறகு கிணறும் தென்னையும் உள்ள கொல்லை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்க்கோட்டில் அமைந்தவை. நாட்டுச் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிக் கட்டிய சுவர்கள் ஒன்றரை அடி கனம் இருந்தன. பிற்காலத்தில் கூடத்துக்குப் பக்கவாட்டில் இருந்த அறையின் மேல் கான்கிரீட் போட்டு ஒரு மாடி அறை எழுந்தது.

இந்த வீட்டில் இணையம் நுழைந்த வழியைச் சொன்னால்தான் பின்னால் வந்த சிக்கல் விளங்கும். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15இல் திறந்தது. முசிறி போன்ற ஊர்களின் வீடுகளுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. முதலில் தொலைபேசி வழியே டயல்-அப் வந்தது. எண்ணைச் சுழற்றும் ஓசையும் அதற்குப் பிறகு வரும் கிறீச்சொலியும் அந்த வீட்டில் வளர்ந்த எல்லாருக்கும் நினைவிருக்கும். யாராவது போன் பேச வேண்டுமென்றால் இணையத்தை நிறுத்த வேண்டும். பிறகு அதே செம்புக் கம்பியில் பிராட்பேண்ட். 2004ஆம் ஆண்டுக் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர். அந்தக் குறைந்தபட்ச அளவு 2 மெகாபிட்டாக உயர்ந்தது 2023இல்தான். கடைசியாகக் கண்ணாடி இழை, அதாவது ஃபைபர், தெருக் கம்பங்களில் ஏறி வீட்டுக்குள் வந்தது.

மூன்று காலத்திலும் மாறாத ஒன்று இடம். தொலைபேசி ரேழியில் இருந்தது, தெருவிலிருந்து கம்பி நுழைய அதுவே வசதியான இடம் என்பதால். தொலைபேசிக்குப் பக்கத்தில் மோடம் வந்தது. மோடத்தை எடுத்த இடத்தில் ஃபைபர் பெட்டியை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார்கள். வீட்டின் ஒரு கோடியில் வைஃபை பிறந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் பல்லாயிரம் வீடுகளில் ரூட்டர் இன்றைக்கும் வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருப்பது இப்படித்தான். கம்பி இழுக்கிறவருக்கு எது அருகில் இருந்ததோ அந்த இடத்தில் அது இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்வார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

2020 மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது அந்த இடத்தின் குறை ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தவர்கள் மடிக்கணினியோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகளுக்குப் போனில் பள்ளிக்கூடம். அறைகளுக்குக் குறைவில்லாத வீட்டில் எல்லாரும் ரேழியில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒருவர் மீட்டிங்கில் இருக்க, இன்னொருவர் காதருகே ஆசிரியர் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார். பாட்டி மத்தியானம் படுக்கும் இடமும் ரேழிதான். “ஆளுக்கொரு ரூம் இருக்கு, ஏன்டா எல்லாரும் எம் தலமாட்டுல வந்து குந்திருக்கீங்க?” என்று கேட்பார். “உள்ள நெட்டு வரல பாட்டி” என்பதே பதில். மெஷ் அமைக்கும் எண்ணம் பிறந்தது அந்தக் கோடையில்.

அமைப்பதற்கு முன் அளக்க வேண்டும். போனில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அளவைச் செயலி ஒன்று இதற்குப் போதும். சிக்னலின் வலு டெசிபல் கணக்கில் எதிர்மறை எண்ணாகக் காட்டப்படும். பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மூன்று டெசிபல் குறைந்தால் வலு பாதியாகிறது, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. வீடியோ அழைப்பு தடங்கலின்றி நடக்க −67ஐ ஒட்டி இருப்பது நல்லது. −80க்குக் கீழே போனால் இணைப்பு பெயரளவில்தான் இருக்கும். அந்த வீட்டில் ரேழியில் −40, கூடத்தில் −60 என்று இருந்த அளவு, சமையலறையில் −80ஐத் தொட்டது. கொல்லையில் வலையின் பெயரே தெரியவில்லை.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதில் பாதிக்கும் குறைவு. முன்னது சுவரைத் தாண்டி ஓரளவு போகும், ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். பின்னது வேகமானது, ஆனால் கனத்த சுவரில் சோர்ந்துவிடும். ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் அலை நேராகத் துளைத்துப் போவது கடினம். குறுக்காகச் சாய்ந்து போனால் அது கடக்க வேண்டிய கனம் இன்னும் கூடுகிறது. உலோகத்தின் முன் இரண்டுமே நிற்காது. பக்க அறையில் சுவரை அடைத்து நின்ற இரும்பு பீரோ, சமையலறைப் பரணில் வரிசையாகக் கவிழ்த்து வைத்த பித்தளை அண்டாக்கள், அரிசி டிரம், ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்குப் பின்னால் எப்போதும் ஓர் இருண்ட பகுதி இருந்தது. மாடி அறைக்குக் கான்கிரீட் தளத்தில் பின்னியிருந்த இரும்புக் கம்பிகளே தடை.

பழைய வீட்டில் ஒரு பெரும் அனுகூலமும் உண்டு. அது முற்றம். வெயிலும் மழையும் இறங்குவதற்காகத் திறந்துவிட்ட அந்த இடத்தில் வைஃபை அலையை மறிக்க ஒன்றுமில்லை. முற்றத்தின் விளிம்பில் உள்ள ஒரு தூணருகே யூனிட்டை வைத்தால் கூடத்தின் நான்கு பக்கமும், அதைப் பார்த்துத் திறக்கும் அறைகளின் உட்புறமும் அதன் பார்வைக்குள் வந்துவிடுகின்றன. பிற்காலத்தில் பல வீடுகளில் முற்றத்தை மூடித் தளம் போட்டுவிட்டார்கள். மூடாத வீட்டில் மெஷ் அமைப்பவர் அந்த இடத்தை விடக் கூடாது.

அடுத்தது சொந்த ரூட்டர். இணையம் தருபவர் கொண்டுவந்து மாட்டும் பெட்டி இரண்டு வேலை செய்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றுவது ஒன்று. இந்த வேலையைச் செய்யும் பாகம் ஓஎன்டி. வைஃபை கொடுத்து வீட்டு வலையை நடத்துவது இன்னொன்று. நம் ஊர்களில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஓர் இழை தெருமுனையில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கப்படுகிறது. வரும் வழிக்கு 1490 நானோமீட்டர் ஒளி, போகும் வழிக்கு 1310. அந்த முதல் வேலையை மாற்ற முடியாது, மாற்றத் தேவையும் இல்லை. இரண்டாவது வேலையை வீட்டுக்காரர் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதுதான் சொந்த ரூட்டர் வைப்பதன் பொருள்.

அப்படி எடுத்துக்கொள்வதில் பயன் பல. பெட்டி பழுதாகி மாற்றும்போதெல்லாம் வலையின் பெயரும் கடவுச்சொல்லும் மாறி, டிவி முதல் கேமரா வரை ஒவ்வொன்றையும் மறுபடி இணைக்கும் தொல்லை இல்லை. இணையம் தருபவரையே மாற்றினாலும் வீட்டுக்குள் எதுவும் மாறாது. மென்பொருளை எப்போது புதுப்பிப்பது, பிள்ளைகளின் கருவிகளுக்கு எத்தனை மணி வரை இணையம், விருந்தினருக்கு எது என்பதை வீட்டில் இருப்பவரே முடிவு செய்யலாம். தருபவர் கொடுத்த பெட்டியில் இந்த அமைப்புகள் பாதிக்கு மேல் பூட்டியே இருக்கும்.

இதற்கு ஓஎன்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும். அதாவது, அது ஒளியை மின்குறிப்பாக மாற்றி அப்படியே கைமாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பிபிபிஓஇ என்ற உள்நுழைவுக்கான பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் மூன்றும் கையில் வேண்டும். இவற்றைக் கேட்டபோது லைன் பார்க்க வந்த தம்பி தயங்கினார். “அண்ணே, அதுல கை வச்சா நெட்டே வராதுண்ணே. ஆபீஸ்ல என்னையத்தான் கேப்பாங்க” என்றார். அவர் பயந்ததும் நியாயம்தான். பழுது வந்தால் வெயிலில் கம்பம் ஏறுகிறவர் அவர். பலமுறை போன் செய்து, எழுத்தில் கேட்ட பிறகே அந்த மூன்றும் கிடைத்தன. பணம் கட்டும் வாடிக்கையாளருக்கு இவற்றைக் கேட்டதும் கொடுப்பதே முறை.

பிரிட்ஜ் கிடைக்காத வீட்டிலும் சொந்த ரூட்டரை வைக்கலாம். பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் லேன் துளையிலிருந்து ஒரு கேபிளைப் புது ரூட்டரின் வேன் துளைக்குக் கொடுத்தால் போதும். இதில் முகவரி மாற்றம் இரண்டு தடவை நடக்கும். படம் பார்ப்பதற்கோ வகுப்புக்கோ அதனால் குறையில்லை. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகத் தொடர்புகொள்வது போன்ற சில வேலைகளில்தான் இடறும். இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியை வைத்துக்கொண்டு மோதாமல், ஒன்றின் எண்வரிசையை மட்டும் மாற்றிவிட வேண்டும்.

கருவி வாங்கத் திருச்சிக்குத்தான் போக வேண்டியிருந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் கடைகள் நடை தூரம். கடைக்காரர் பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்தைக் காட்டுவார். அது எல்லா அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட எண். வாங்குகிறவருக்கு அதனால் பயன் குறைவு. பார்க்க வேண்டியவை வேறு. ஒவ்வொரு யூனிட்டிலும் கிகாபிட் வேகமுள்ள கேபிள் துளை இருக்கிறதா? கேபிள் வழி பேக்ஹாலை ஏற்குமா? அந்தக் கம்பெனி கடையை மூடினாலும் யூனிட் இயங்குமா, அல்லது அவர்களுடைய செயலியில் கணக்குத் தொடங்கினால்தான் உயிர் வருமா? இந்த மூன்றாவது கேள்விக்கு நல்ல விடை ஓப்பன்-டபிள்யூஆர்டி போன்ற திறந்த மென்பொருள் ஏற்கும் ரூட்டர்.

ஓப்பன்-டபிள்யூஆர்டி 2004இல் தொடங்கியது. லிங்க்சிஸ் கம்பெனியின் டபிள்யூஆர்டி54ஜி என்ற சாதாரண வீட்டு ரூட்டரின் மூலநிரல் வெளியானதிலிருந்து பிறந்தது. இந்தியாவில் 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமில்லாமல் வெளிப்புறங்களிலும் பயன்படுத்த அரசு அனுமதித்தது. அதற்கு அடுத்த மாதமே இமாசலத்தின் தர்மசாலாவில் இந்த வகை ரூட்டர்களைக் கொண்டு ஒரு சமூக மெஷ் வலை எழுந்தது. மலைச் சரிவில், மின்சாரம் நிலையில்லாத இடத்தில், குரங்குகள் தொங்கி ஆடினாலும் தாங்கும்படி ஆன்டெனாக்களை நிறுத்தினார்கள். தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய அதே காலத்தில், தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சுற்றுவட்டாரப் பார்வை மையங்களை நெடுந்தூர வைஃபையால் மருத்துவமனையோடு இணைத்தார்கள். மருத்துவர் தேனியில் இருந்தபடியே சிற்றூர் நோயாளியை வீடியோவில் பார்த்தார். வீட்டு ரூட்டர் என்று எளிதாக நினைக்கும் சிறு பெட்டிக்குள் இவ்வளவு ஆற்றல் இருப்பதை இந்த இரண்டு முயற்சிகளும் காட்டின.

முசிறி வீட்டில் முதலில் கம்பியில்லாமலே மூன்று யூனிட்டுகள் வைக்கப்பட்டன. ரேழியில் முதன்மை, முற்றத்துத் தூணருகே இரண்டாவது, சமையலறையைத் தாண்டிப் பின்கட்டில் மூன்றாவது. சிக்னல் எல்லா இடத்திலும் நிறைந்து தெரிந்தது. வேகம் தெரியவில்லை. காரணம் எளிது. ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுக்கும் யூனிட், ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். ஆகவே ஒரு தாவலில் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது, அடுத்த தாவலில் அதிலும் பாதி. சதுரமான வீட்டில் நடுவில் முதன்மையை வைத்து, எல்லா யூனிட்டுகளையும் அதோடு நேராகப் பேச வைக்கலாம். நீள வீட்டில் அதற்கு வழியில்லை; சங்கிலியாகத்தான் போக வேண்டும். வாய்க்காலின் தலைமடையில் நிறைய ஓடும் தண்ணீர் கடைமடைக்கு வரும்போது வற்றிவிடுவதைப் போல, பின்கட்டுக்கு வந்து சேர்ந்தது ரேழியில் இருந்ததில் சிறு பங்கு. பேக்ஹாலுக்கென்றே தனி ரேடியோ உள்ள மூன்று அலைவரிசை யூனிட்டுகளில் இந்த இழப்பு குறையும். ஆனால் அந்த ரேடியோவும் அதே ஒன்றரை அடிச் சுவரைத்தான் தாண்டியாக வேண்டும்.

தீர்வு கேபிள். ரேழியிலிருந்து முற்றத்துத் தூணுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று, மாடிப்படியின் தலைப்பில் புதிதாகச் சேர்த்த யூனிட்டுக்கு ஒன்று. கேட்-5இ கேபிளே 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் கொண்டுபோகும். எவ்வளவு நீள வீடானாலும் அது போதும். கேட்-6 விலை வித்தியாசம் சிறிதென்பதால் அதை வாங்குவதே நல்லது. எச்சரிக்கை தேவைப்படுவது உலோகத்தில். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது நீண்ட தூரத்தில் வேகத்தை இழக்கும், மடித்தால் ஒடியும். முழுச் செம்புக் கேபிளைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சுண்ணாம்புச் சுவரில் துளை போடுவது தனி வேலை. டிரில்லை அழுத்தினால் காரை பொலபொலவென உதிர்ந்து, ஓர் அங்குலத் துளை உள்ளங்கை அளவுக்கு விரியும். துளை போடாமல் போக வழி உண்டா என்று முதலில் தேடுவதே அறிவு. பழைய வீடுகளில் கூரையோரம் காற்றுக்காக விட்ட வென்டிலேட்டர்கள் இருக்கின்றன, மழைநீர் வடிய விட்ட துவாரங்கள் இருக்கின்றன, உத்தரத்துக்கும் சுவருக்கும் இடையில் விரல் நுழையும் சந்து இருக்கிறது. இந்த வீட்டில் கேபிள் பெரும்பகுதி வென்டிலேட்டர் வழியாகவே போனது. எங்கும் அது பிவிசி பைப்புக்குள்தான் போக வேண்டும். கொல்லைப் பக்கம் அணிலும் எலியும் உண்டு. கரன்ட் ஒயர் போகும் பைப்பில் இதை நுழைக்கக் கூடாது. ஆபத்தும் உண்டு, இரைச்சலும் ஏறும். கேபிள் முனையில் பிளக்கைக் கிரிம்பிங் செய்த பிறகு வேகத்தைச் சோதிக்க வேண்டும். எவ்வளவு முயன்றாலும் வேகம் 94 மெகாபிட்டுக்கு மேல் போகவில்லை என்றால், எட்டு இழைகளில் ஏதோ ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்; நான்கு இழை மட்டும் பிடித்தால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும்.

அமைப்புகளில் சில விதிகள் மாறாதவை. வலைக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி வேலையை முதன்மை ரூட்டர் மட்டுமே செய்ய வேண்டும். பழைய ரூட்டர் ஒன்றைக் கேபிளில் சேர்த்து யூனிட்டாகப் பயன்படுத்தினால், அதில் அந்த வேலையை அணைத்துவிட்டு, கேபிளை அதன் லேன் துளையில் செருக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அடுத்தடுத்த யூனிட்டுகளுக்கு இவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும்.

நடந்துகொண்டே பேசும்போது போன் ஒரு யூனிட்டை விட்டு அடுத்ததைப் பிடிப்பதில்தான் மெஷ்ஷின் தரம் தெரியும். முசிறி என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கர்நாடக இசையின் பெருங்கலைஞர் முசிறி சுப்பிரமணிய ஐயர் (1899–1975). இந்த வீட்டின் பேத்தியும் பாட்டு கற்றுக்கொண்டாள், ஊரடங்கில் வீடியோவில். கூடத்தில் பாடிக்கொண்டிருந்தவள், தம்பி டிவி போட்டதும் போனோடு மாடிக்கு ஏறுவாள். படியின் நடுவில் குரல் அறுந்து, டீச்சர் பாடிய சங்கதி பாதியில் நிற்கும். எந்த யூனிட்டைப் பிடிப்பது என்பதைத் தீர்மானிப்பது ரூட்டர் இல்லை, போன். சிக்னல் எவ்வளவு மெலிந்தாலும் சில போன்கள் பழைய யூனிட்டை விடாது. 802.11கே, 802.11வி என்ற இரண்டு வசதிகள் அருகில் வேறு எது இருக்கிறது என்று போனுக்குச் சொல்லிக் கொடுக்கின்றன. 802.11ஆர் மாறும் நேரத்தைக் குறைக்கிறது. ஆனால் பழைய போன்கள் சில அதைப் புரிந்துகொள்ளாமல் இணையவே மறுக்கும். இந்த வீட்டில் அதை அணைத்து வைத்ததே சரியாக இருந்தது. உண்மையில் பலன் தந்தது இன்னொன்று. யூனிட்டுகளின் சிக்னல் வலுவைக் குறைத்ததும், அவற்றின் எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று அதிகம் படியாமல் சுருங்கின. போனும் பழையதை விரைவாக விட்டது. வலுவைக் கூட்டினால் நல்லது என்ற பொது எண்ணம் மெஷ்ஷில் தவறு.

இதே குடும்பத்தின் உறவினர் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார். அங்கே பிரச்சினை தலைகீழ். வீடு சிறியது, சுவர்கள் மெல்லியவை, சிக்னலுக்குக் குறைவில்லை. ஆனால் மேலும் கீழும் பக்கத்திலும் உள்ள எல்லா வீடுகளின் வைஃபையும் அந்த மூன்று சேனல்களில் அடித்துக்கொண்டன. அங்கே மூன்று யூனிட் வாங்குவது நெரிசலைக் கூட்டும் செயல். நல்ல ரூட்டர் ஒன்றை வீட்டின் நடுவில் வைத்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதோடு வேலை முடிந்தது. அந்த அலைவரிசையில் உரிமமின்றிப் பயன்படுத்தும் பகுதியை இந்திய அரசு 2018இல் விரிவாக்கியதால் இடமும் தாராளம். மெஷ் எல்லா வீட்டுக்கும் வேண்டியதில்லை.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபைபரில் ஒளி வந்தாலும் வீட்டில் கரன்ட் இல்லாவிட்டால் பெட்டி உறங்கும். 2012 வாக்கில் தமிழ்நாட்டு ஊர்களில் பகலில் பாதி நேரம் மின்வெட்டு இருந்தது. அப்போது வாங்கிய இன்வெர்ட்டர் இந்த வீட்டில் இன்னும் ஓடுகிறது. ஆனால் அந்த லைன் கூடத்தின் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும். பின்கட்டு யூனிட் அணைந்தால் அதைச் சார்ந்த எல்லாம் அணையும். ரூட்டருக்கென்று விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ்ஸை யூனிட்டுக்கு ஒன்றாக வைக்கலாம். கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பிஓஇ முறையை ஏற்கும் யூனிட்டுகள் இன்னும் மேல். ரேழியில் ஒரு பிஓஇ சுவிட்ச்சை இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டால் வீடு முழுவதும் சேர்ந்து உயிரோடு இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி இடித்தால், வெளிச்சுவரில் ஓடும் செம்புக் கேபிள்களைக் கழற்றி வைப்பது நல்லது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, செம்பு கடத்தும். கொல்லையில் யூனிட் வைப்பதானால் ஓட்டுத் தாழ்வாரத்தின் நிழலில், பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைக்க வேண்டும். இரும்புப் பெட்டி அலையை அடைத்துவிடும். முசிறியின் சித்திரை வெயிலில் திறந்த சுவரில் மாட்டிய எந்தக் கருவியும் நீடிக்காது.

பாதுகாப்புக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பெட்டியின் அடியில் அச்சிட்ட நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 முறைக்குக் கீழே இறங்கக் கூடாது. மலிவான கேமராவுக்கும் டிவிக்கும் வருகிற விருந்தாளிகளுக்கும் தனி விருந்தினர் வலை. மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடக் கூடாது.

கேபிள் வழி பேக்ஹால் வந்த பிறகு அந்த வீட்டில் கொல்லைக் கிணற்றடி வரை வீடியோ அழைப்பு நின்று போகாமல் வந்தது. ரேழி பாட்டிக்குத் திரும்பக் கிடைத்தது. யூனிட்டுகளின் விலையைவிடப் பலன் தந்தவை ஒரு சுருள் செம்புக் கேபிளும் சில பிவிசி பைப்புகளும்தான். இதில் உழைப்பு முழுவதும் போனது, கட்டி முடித்த வீட்டில் கேபிளுக்கு வழி தேடியதில். ஆகவே முசிறியிலோ திருச்சியிலோ வேறெங்கோ இப்போது வீடு கட்டுகிறவர்கள் ஒன்று செய்ய வேண்டும். சுவரில் கரன்ட் பைப் பதிக்கும் அன்றே, அதற்கு ஒரு அடி தள்ளி, ஒவ்வோர் அறைக்கும் மாடிக்கும் கொல்லைக்கும் ஒரு வெறும் பைப்பையும் இழுகம்பியோடு பதிக்கச் சொல்லுங்கள். இணையம் நுழையும் பெட்டிக்கு வாசலோரத்தை விட்டு வீட்டின் நடுவில் ஓர் இடம் ஒதுக்கி, அங்கே இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக்கும் கேளுங்கள். மேஸ்திரிக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அது அரைநாள் வேலை.